மறைந்தோர் இருபத்திருவர்

பதினான்காம் பக்கத்து அட்டவணையின் கணக்கு ஒரே ஒரு எண்ணால் உதைத்தது.

அந்த அட்டவணைக்கு 'உறுப்பினர் நிலவரம்' என்று பெயர். சிங்கப்பூரில் முன்பிருந்த தெருவிளக்குப் பராமரிப்பு வாரியத்தின் ஓய்வூதிய நிதி ஆண்டுதோறும் வெளியிடும் நிதியறிக்கையில் மிகச் சிறிய அட்டவணை அதுதான், நான்கே வரிகள். ஆண்டின் தொடக்கத்தில் ஓய்வூதியம் பெற்றவர்கள் இத்தனை பேர். கணவரை இழந்து குடும்ப ஓய்வூதியத்துக்குப் புதிதாக வந்தவர்கள் இத்தனை பேர். மறைந்தவர்கள் இத்தனை பேர். ஆண்டின் இறுதியில் எஞ்சியவர்கள் இத்தனை பேர். வாரியம் கலைக்கப்பட்டு முப்பது ஆண்டுகள் ஆகின்றன. இனி அங்கிருந்து ஓய்வு பெற யாருமில்லை. ஆகவே கடைசி வரியிலுள்ள எண் குறையும். குறைய மட்டுமே செய்யும்.

நானூற்று மூன்று, கூட்டல் ஐந்து, கழித்தல் இருபத்தொன்று. விடை முந்நூற்று எண்பத்தேழு. ஆனால் டிசம்பர் மாத ஓய்வூதியம் வங்கி வழியே முந்நூற்று எண்பத்தாறு பேருக்குத்தான் போயிருந்தது.

இதை ஜனவரி பதினான்காம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குக் கண்டேன். மறுநாள் காலை பெயர்ப்பட்டியல் கணிப்பாளர் நிறுவனத்துக்குப் போயாக வேண்டும். உயிரோடிருப்பவர்களுக்கு இன்னும் எத்தனை ஆண்டுகளுக்கு எவ்வளவு தர வேண்டியிருக்கும் என்று அவர்கள் கணித்துத் தந்தால்தான் மற்றப் பக்கங்களை நான் எழுத முடியும்.

விடுபட்ட ஒருவரைக் கண்டுபிடிக்க இருபது நிமிடங்கள் ஆயின. சேதுபதி, வயது எழுபத்தேழு, வாரியத்தில் ஏணி வண்டி ஓட்டியவர், முகவரி கிளமெண்டி. எங்கள் விதிப்படி ஓய்வூதியம் பெறும் ஒவ்வொருவரும், தாம் உயிரோடிருப்பதாகப் படிவம் ஒன்றை நிரப்பிச் செப்டம்பருக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அக்டோபர் முதல் பணம் நிறுத்திவைக்கப்படும். சேதுபதி அனுப்பவில்லை. நவம்பரில் நாங்கள் அனுப்பிய நினைவூட்டல், 'இந்த முகவரியில் இல்லை' என்ற குறிப்புடன் திரும்பி வந்திருந்தது.

இத்தகையவர்களுக்கு அட்டவணையில் ஐந்தாவதாக ஒரு வரி சேர்க்கலாம்: 'தொடர்புகொள்ள இயலாதவர்கள்'. சேர்த்தால் அடிக்குறிப்பு எழுத வேண்டும். எழுதினால் தணிக்கையாளர் கேட்பார். அவர் கேட்டால் அறங்காவலர்கள் கேட்பார்கள். நான் அறிக்கை தயாரித்த பதினோர் ஆண்டுகளிலும் அந்த வரி தேவைப்பட்டதில்லை. படிவம் வராதவர்களை டிசம்பருக்குள் தேடிப் பிடித்துவிடுவேன். பிள்ளைகளைக் கேட்பேன், பழைய நண்பர்களைக் கேட்பேன், வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுவேன். கணக்காளர் சங்கம் ஒன்று ஐந்து ஆண்டுகளாக எங்கள் அறிக்கைக்குப் பாராட்டுச் சான்றிதழ் வழங்கிவந்தது. அவை என் மேசைக்குப் பின்னால் சம இடைவெளியில் தொங்கின. இடைவெளியை அளந்து மாட்டியவள் நான்.

இந்த முறை சேதுபதியின் கைப்பேசிக்கு ஒரே ஒரு முறை அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. எழுபத்தேழு வயது, படிவம் இல்லை, வீட்டில் இல்லை, அழைப்பை எடுக்கவில்லை. இப்படிப்பட்ட பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்திருப்பார்கள் என்று என் அனுபவம் சொன்னது. மூன்று நாற்பதுக்கு அவர் பெயருக்கு எதிரே மறைவைக் குறிக்கும் குறியீட்டை இட்டேன். இருபத்தொன்று இருபத்திரண்டாயிற்று. முந்நூற்று எண்பத்தாறும் முந்நூற்று எண்பத்தாறும் பொருந்தின.

உயிரோடிருந்தால் அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவரை அவர் எதை உண்டு வாழ்வார் என்பது அட்டவணையில் இல்லாத கேள்வி.

அவர் மறைந்ததால் நிதியின் எதிர்காலப் பொறுப்பு எண்பத்தோராயிரம் வெள்ளி குறைந்தது. அந்தத் தொகை மற்ற இறப்புகளின் தொகையோடு சேர்ந்து, அறிக்கையில் 'ஆதாயம்' என்ற தலைப்பின்கீழ் வந்தது. தணிக்கையாளர் ஐந்து பேரின் இறப்புச் சான்றிதழ்களை மாதிரிக்குக் கேட்டார். அந்த ஐவரில் சேதுபதி இல்லை. அன்று நான் மூச்சுவிட்டது எனக்கே கேட்டது.

எங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எண்கள் இரா. வாரியம் இருந்த காலத்திலிருந்து வரும் வழக்கம் அது: அந்த ஆண்டு மறைந்தவர்களின் பெயர்களை அங்கே அச்சிடுவோம், ஆண்டுக் கூட்டத்தில் அவற்றை வாசித்து, எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம். பெயர்கள் அட்டவணைக்குரிய அதே பட்டியலிலிருந்து தாமாகவே அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேரும். அச்சுப்படி வந்தபோது அந்தப் பக்கத்தை மும்முறை சரிபார்த்தேன். சேதுபதி என்னும் பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கோப்போடு ஒப்பிட்டேன். பிழையில்லை.

கூட்டம் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, சிராங்கூன் சாலையை ஒட்டிய தெரு ஒன்றிலுள்ள மண்டபத்தில் நடந்தது. நூற்று நாற்பது பேர் வந்திருந்தார்கள். அறிக்கைக்காக யாரும் வருவதில்லை. பிரியாணிக்காகவும், யார் இன்னும் இருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவும் வருகிறார்கள். அறிக்கைப் புத்தகம் விசிறிக்கொள்ள உதவும். நிதியின் செயலாளர் ரத்னவேல் வரவேற்றுப் பேசினார். பெயர்களை வாசிப்பது என் பொறுப்பு. தமிழ், மலாய், சீனப் பெயர்கள் எதையும் நான் சிதைக்காமல் சொல்வேன் என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட செய்தி.

இருபத்திரண்டு பெயர்களையும் வாசித்தேன். எல்லாரும் எழுந்தார்கள். மூன்றாம் வரிசையில், கோடு போட்ட சட்டை அணிந்த ஒருவர் மற்றவர்களுக்கு முன்பாகவே எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து நின்றார். ஒரு நிமிடம் முடிந்தது. நாற்காலிகள் கிறீச்சிட்டன.

"டேய் சேது!" கோடு போட்ட சட்டைக்காரருக்கு அடுத்திருந்தவர் கூப்பிட்டார். அவர் அப்துல் முத்தலிப். வாரியத்தின் பண்டகசாலையில் வேலை பார்த்தவர். எந்தக் கூட்டத்திலும் மெதுவாகப் பேசியறியாதவர். "மைக்குல உன் பேரு வந்துச்சுடா."

"ஆமா. வந்துச்சு."

"கேட்டுக்கிட்டேவா நின்ன?"

"எல்லாரும் நிக்கிறாங்க. நான் மட்டும் எப்படி உக்காந்திருக்கிறது?"

மண்டபம் சிரித்தது. "அப்ப உனக்குப் பிரியாணி கெடையாது லா," என்றார் முத்தலிப். "உன் பாக்கெட்டயும் நானே சாப்புட்டுக்கிறேன்." பின்வரிசையிலிருந்து ஒருவர், "மாலைக்கு வசூல் பண்ணவா?" என்றார். ரத்னவேலும் சிரித்தார், சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

என் கையிலிருந்த தாளில் பத்தொன்பதாவது பெயராக இருந்தவர் மேடையை நோக்கி நடந்து வந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டுவதற்குரிய சொற்களை அவருக்காக நானே மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன்.

அவர் மேசைக்கு எதிரே நின்று கைகூப்பினார்.

"மேடம், மன்னிச்சுக்குங்க. தப்பு என்னோடதுதான்."

எனக்கு விளங்கவில்லை.

"பொண்டாட்டிக்குன்னு மாசம் நாப்பத்திரண்டு வெள்ளி வருதுல்ல, ஸ்லிப்புல. முத்தாயி தவறி ஒம்போது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஃபாரத்துல ஒரு கட்டம் இருக்கும், மனைவி உயிரோட இருக்காங்களான்னு. வருஷா வருஷம் ஆமான்னு டிக் போட்டுக்கிட்டே வந்தேன். போன வருஷம் கை வரல மேடம். ஃபாரத்த அப்படியே மடிச்சு வச்சுட்டேன். பென்ஷன் நின்னுச்சு. ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியும், அதான் வந்து கேக்கல. இன்னைக்கு ஒங்ககிட்ட தனியா சொல்லிடலாம்னுதான் முத்தலிப்பு கூப்பிட்டதும் வந்தேன். அந்தக் காச கொஞ்சம் கொஞ்சமா குடுத்துடறேன்."

தனியாகச் சொல்வதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மேசையிலிருந்த ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்கும் பொத்தான் என் விரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. சிரிப்பு அடங்கி, மண்டபம் முழுவதும் அவர் பேசுவதைக் கேட்டது.

அவர் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. விதி முப்பத்தொன்று: அந்த நாற்பத்திரண்டு வெள்ளி 1994ஆம் ஆண்டிலேயே அடிப்படை ஓய்வூதியத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. மனைவி இருந்தாலும் இறந்தாலும் அது அவருடையது. மாதாந்திர ஓய்வூதியச் சீட்டில் அது இன்னும் தனி வரியாக நிற்பதும், படிவத்தில் அந்தக் கட்டம் நிற்பதும் எடுத்துவிட யாரும் முனையாததால்தான். ஆண்டுதோறும் அந்தப் படிவத்தை அச்சுக்கு அனுப்புமுன் சரிபார்ப்பவளும் நானே. கட்டத்தின் நான்கு கோடுகளும் நேராக இருக்கின்றனவா என்று பார்த்திருக்கிறேன். அது ஏன் இருக்கிறது என்று பார்த்ததில்லை.

'அது உங்க பணம்' என்று சொல்ல மூன்று சொற்கள் போதும். வாயைத் திறந்தேன்.

"அதெல்லாம் ஆஃபீஸ்ல பேசிக்கலாம் அண்ணே. அட்ரெஸ மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க," என்றார் ரத்னவேல்.

வாயை மூடிக்கொண்டேன். சேதுபதி குற்றவாளியாக இருந்தால், அவர் பட்டியலில் எப்படி இறந்தார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். இதை நான் பிற்பாடு யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அந்த நொடியிலேயே தெளிவாகத் தெரிந்தது.

அவர் முகவரியை எழுதித் தந்துவிட்டு, பிரியாணிப் பொட்டலத்தை வாங்காமல் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசைக்கு முன்பு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வேலையிடத்தில் ஒரு பெயர் தவறான பட்டியலில் சேர்ந்துவிட்டது, அதனால் ஒருவர் சிரமப்பட்டார் என்று பங்குக் குருவிடம் சொன்னேன். சேர்ந்துவிட்டது, யாரும் சேர்க்கவில்லை. "திருத்தியாச்சாம்மா?" என்று கேட்டார். "திருத்திடுவேன் ஃபாதர்," என்றேன். பரிகாரமாக மூன்று முறை 'அருள்நிறை மரியே' செபம் சொல்லச் சொன்னார். மூன்றும் தடங்கலின்றி வந்தன. எழுந்தபோது, வழக்கமாக வரும் இலேசான உணர்வு வரவில்லை என்பதைக் கவனித்தேன். ஆனால் அதைப் பற்றி எதுவும் செய்யவில்லை.

திங்கட்கிழமை ரத்னவேல் என்னைத் தம் அறைக்கு அழைத்தார்.

"கிளாரிசா, சனிக்கிழமை எனக்கு ஒரு நிமிஷம் தல சுத்திருச்சு. ஆனா பாருங்க, நல்லதாப் போச்சு. அவரே மைக்குல ஒத்துக்கிட்டாரு. நூத்தி நாப்பது பேரு விட்னஸ்."

"சார், லிஸ்ட்ல அவர் பேரு வந்தது…"

"அது கிளரிக்கல் எரர். புத்தகத்துக்குள்ள ஒரு சின்ன திருத்தச் சீட்டு வச்சுடலாம். பென்ஷன ஏன் நிறுத்தினோம்? அலவன்ஸ் விஷயமா விசாரிக்கிறதுக்கு நிறுத்தினோம். கதை முடிஞ்சுது. அது ஓவர்பேமென்ட்தானே?"

அவர் பொறியாளராக இருந்து செயலாளரானவர். விதிகளுக்கு அவர் என்னைத்தான் நம்பியிருந்தார்.

"பார்த்துச் சொல்றேன் சார்."

பார்க்க ஒன்றுமில்லை. என் இருக்கைக்குத் திரும்பிக் கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். முத்தாயி இறந்த மாதத்திலிருந்து சென்ற செப்டம்பர் வரை நூற்றுமூன்று மாதங்கள். மாதம் நாற்பத்திரண்டு வீதம் நாலாயிரத்து முந்நூற்று இருபத்தாறு வெள்ளி. நிறுத்திவைத்த எட்டு மாத ஓய்வூதியம் ஆறாயிரத்து எண்ணூற்று எண்பது. கழித்துக்கொண்டு, இரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்து நான்கு வெள்ளியை அவருக்கு அனுப்புவதாக எழுதினேன். கணக்கில் பிழை இல்லை. கீழே கையொப்பமிட்டேன்.

அதை அஞ்சலில் அனுப்பியிருக்கலாம். செவ்வாய்க்கிழமை நண்பகலில் நானே ஏன் அவர் எழுதித் தந்த புக்கிட் மேரா முகவரிக்குக் கொண்டுபோனேன் என்பதற்கு என்னிடம் ஒழுங்கான விடை இல்லை. உண்மையைச் சொல்லத்தான் போனேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகும்.

அது ஓரறை வாடகை வீடு, ஏழாம் மாடி. கதவு திறந்திருந்தது. சேதுபதி உணவங்காடித் துப்புரவாளர்கள் அணியும் பச்சைச் சட்டையில், பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"அட, மேடமா? வாங்க, வாங்க. செருப்போடயே வாங்க, பரவால்ல."

ஒரே நாற்காலியை எனக்குத் தந்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். சோயா பால் பொட்டலம் ஒன்றை எடுத்து, உறிஞ்சுகுழலைத் தாமே குத்தி நீட்டினார்.

"வேலைக்குப் போறீங்களா அண்ணே?"

"தோ, கீழ இருக்கே, அந்த உணவங்காடிதான். தட்டு எடுக்கிறது, மேசை தொடைக்கிறது. ரெண்டு மணி ஷிஃப்ட்டு. பிப்ரவரிலேருந்து போறேன். கையில இருந்தது ஜனவரியோட முடிஞ்சுபோச்சு."

"ஃபைல்ல ஒரு மக இருக்காங்களே, அவங்க?"

"புக்கிட் பாத்தோக்ல. கிளமெண்டி வீட்ட வித்துட்டு மாமியார் வீட்டோட போயிட்டா. அங்க எடம் பத்தாது, நான்தான் வேணாம்னுட்டேன். பென்ஷன் நின்னது அவளுக்குத் தெரியாது. சொன்னா ஏன்னு கேப்பால்ல?" தலையணைக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்தார். "முந்நூத்தி அம்பது இருக்கு மேடம். மீதிய மாசா மாசம் தர்றேன். ரசீது வேணாம், நீங்க எழுதிக்கிட்டா போதும்."

உறையை நான் வாங்கவில்லை. அவர் அதைக் கட்டிலின்மேல் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார்.

"நேத்து தேக்கா காப்பிக்கடைக்குப் போனேன்," என்றார். "நம்ம வாரியத்து ஆளுங்க தெனம் காலைல அங்கதான் உக்காருவோம். நான் போய் உக்காந்ததும் ஒருத்தன், 'பாத்துப்பா, எல்லாரும் பர்ஸ எடுத்து உள்ள வச்சுக்குங்க'ன்னான். வெளையாட்டுக்குத்தான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்." சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டார். "இனிமே அந்தப் பக்கம் போகல. வீட்டுலயே கலக்கிக் குடிச்சா காசும் மிச்சம்."

என் கைப்பையில் கடிதம் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தால் அவர் எனக்கு நன்றி சொல்லியிருப்பார். அதில் எனக்கு ஐயமே இல்லை.

"அண்ணே, அந்த நாற்பத்திரண்டு வெள்ளி உங்க பணம்."

"என்னது?"

"தொண்ணூத்தி நாலுலயே உங்க பென்ஷனோட சேர்த்துட்டாங்க. அக்கா இருந்தாலும் இல்லாட்டியும் அது உங்களுக்குத்தான். நீங்க யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்ல."

அவர் உறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப அந்தக் கட்டம்?"

"அது தேவையே இல்லாத கட்டம். எடுத்திருக்கணும். நாங்க எடுக்கல. நான் எடுக்கல."

"எட்டு வருஷம் மேடம். செப்டம்பர் வந்தாலே எனக்குத் தூக்கம் வராது." குரல் உயரவில்லை. "சரி. அப்ப ஏன் என்னைச் செத்தவங்களோட போட்டீங்க?"

"கணக்குல ஒரு ஆள் குறைஞ்சுது. உங்க ஃபாரம் வரல. உங்களைத் தேடி வந்திருக்கணும். ஒரே ஒரு தடவை போன் பண்ணேன். அப்புறம் நீங்க இறந்துட்டதா நானே எழுதிட்டேன். கணக்கு சரியா வந்துடுச்சு."

"யாரும் எழுதச் சொன்னாங்களா?"

"இல்ல."

கீழே லாரி ஒன்று பின்னோக்கி நகரும் ஒலி கேட்டது. அடுத்து அவர் கேட்கப்போவது எனக்கு முன்பே தெரிந்திருந்தது. மூன்று நாள்களாக அந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

"சனிக்கிழமை நான் ஒங்க முன்னாடி கையெடுத்துக் கும்புட்டு நின்னேனே. அப்பவே தெரியுமா, அது என் காசுன்னு?"

"தெரியும்."

"தெரிஞ்சே பேச விட்டீங்க."

"ஆமா."

"மைக்கு வேற ஓடிக்கிட்டிருந்துச்சாம். முத்தலிப்பு சொன்னான்."

"அதுவும் தெரியும் அண்ணே."

அவர் உறையை எடுத்து, இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். உடனே நான், எனக்குத் தெரிந்த மொழிக்குத் திரும்பினேன்: திருத்திய அறிக்கை அச்சாகும், அதன் முதல் பக்கத்திலேயே விளக்கம் வரும், எல்லா உறுப்பினர்களுக்கும் அஞ்சலில் போகும் என்றேன். எட்டு மாதப் பணமும் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும் என்றேன்.

"பணம் வரட்டும். அந்தப் புத்தகத்த யாரு மேடம் படிப்பா?" என்றார். "நான் செத்துப்போனது அதுலதான் எழுதியிருந்துச்சு. நானே படிக்கல." எழுந்து தொப்பியை எடுத்தார். "நாளைக்குக் காலைல ஒம்போது மணி. தேக்கா காப்பிக்கடை. அவனுங்க எல்லாம் இருப்பானுங்க. இப்ப என்கிட்ட சொன்னத அங்க வந்து சொல்லுங்க. அங்க மைக்கு கெடையாது."

"வர்றேன்."

"வருவீங்களா?" என்று இன்னொரு முறை கேட்டார். சந்தேகப்பட அவருக்கு உரிமை இருந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் கையொப்பமிட்ட கடிதத்தைக் கிழித்தேன். ரத்னவேலுக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஐந்து வாக்கியங்கள், ஒவ்வொன்றும் 'நான்' என்று தொடங்கியது. அதன் நகலை அறங்காவலர்களுக்கும் தணிக்கையாளருக்கும் அனுப்பினேன். அவர்களுக்கும் அனுப்பிவிட்டால்தான் காலையில் மனம் மாறினாலும் பயனிராது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ரத்னவேல் ஆறு முறை அழைத்தார். ஏழாம் முறை எடுத்தேன்.

"பதினோரு வருஷம், கிளாரிசா," என்றார். "ஒரு தப்புக்கு இப்படியா? உள்ளுக்குள்ளயே முடிச்சிருக்கலாமே."

"முடிச்சிருக்கலாம் சார்," என்றேன். அதில் பொய்யில்லை, அதுதான் சிக்கலே.

புதன்கிழமை காலை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது காப்பிக்கடைக்குள் நுழைந்தேன். சுவரோரம் இரண்டு மேசைகளை ஒட்டிப்போட்டு ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சேதுபதி ஒரு முனையில் இருந்தார். அவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. முத்தலிப் என்னை முதலில் பார்த்தார்.

"வாங்க மேடம்! இன்னைக்கு யாரு பேர வாசிக்கப் போறீங்க? முன்னாடியே சொல்லிட்டா வீட்டுக்குப் போய் படுத்துக்குவோம்."

சிரித்தார்கள். சேதுபதி சிரிக்கவில்லை. தேநீர்க் குவளையைப் பார்த்தபடி, "சொல்ல வந்திருக்காங்க. கேளுங்க," என்றார்.

நான் நின்றுகொண்டே தொடங்கினேன். வழியெல்லாம் எம்ஆர்டி ரயிலில் ஒழுங்குபடுத்திய வாக்கியம் அது. "திரு சேதுபதி அவர்கள் நிதிக்கு எவ்விதக் கடனும் பட்டவரல்லர் என்பதையும், அவருடைய பெயர்…"

"நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு," என்றார் முத்தலிப். "எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்கம்மா."

வாக்கியத்தை அங்கேயே விட்டேன். விட்டபின் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அண்ணன் ஒரு காசுகூடத் திருடல. அந்தப் பணம் அவரோடதுதான். கணக்குல ஒரு ஆள் குறைஞ்சுதுன்னு, அவர் உயிரோட இருக்காரான்னு பாக்காம நான்தான் அவரைச் செத்தவங்க லிஸ்ட்ல போட்டேன். சனிக்கிழமை அவர் எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டப்போ, அவர் மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் என் தப்பு வெளிய வரக்கூடாதுன்னு சும்மா இருந்தேன்."

முத்தலிப் தம் குவளையைக் கீழே வைத்தார். மின்விசிறி சுற்றியது, அடுப்படியில் யாரோ தட்டுகளைத் தொட்டிக்குள் கொட்டினார்கள். மேசையின் மறுமுனையில், நீலத் தொப்பியும் காதில் கேட்புக் கருவியும் அணிந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்தார்.

"என்னாவாம்? அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?"

"சேது திருடலையாம்," என்று பக்கத்திலிருந்தவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"என்னது?"

"நீ சொல்லாதடா," என்று சேதுபதி அவரை நிறுத்தினார். முதல் முறையாகத் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அவங்க சொல்லட்டும். பர்ஸு கதை சொன்னவன், காது கேக்காத இவன்தான்."

நீலத் தொப்பிக்காரர் கேட்புக் கருவியைத் திருகினார். அது கீச்சிட்டது. "சத்தமா சொல்லும்மா, கேக்கல," என்றார். அவர் முகத்தில் கோபம் ஏதுமில்லை. கேட்க வேண்டும் என்ற விருப்பம் மட்டுமே இருந்தது.

மேசையைச் சுற்றிக்கொண்டு அவரிடம் போனேன். என்னால் இயன்ற அளவு உரத்த குரலில், "சேதுபதி அண்ணன் எதையும் திருடல!" என்றேன். பக்கத்து மேசையில் புரோட்டா தின்றுகொண்டிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். கல்லாவில் இருந்தவர் வானொலியின் ஒலியைக் குறைத்தார். கடை முழுவதும் அமைதியாகி எனக்காகக் காத்திருந்தது.

"அது கேட்டுச்சு," என்றார் நீலத் தொப்பிக்காரர். "அப்ப யாரு பண்ணது?"